ஆத்தோரம் இடம் வேணுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதை அதிகம் திருத்தாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

மரியாதைக்குரிய முதல்வர் அவர்களே, சிவில் துறைப் பேராசிரியப் பெருமக்களே, சீனியர்களே, ஹாஸ்டலில் நான்கு வருஷம் என்னைச் சகித்துக்கொண்ட நண்பர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பந்தலையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே!

சங்கச் செயலாளர் ஃபோனில் கூப்பிட்டு, "வெளிநாட்டு அனுபவத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். எனக்கு இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊரில் வேலை. ரோட்டில் விழுகிற மழைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் நீங்கள் எழுந்து பந்தலுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே சனி, ஞாயிறுகளில் நான் செய்கிற காரியத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஆனால் இதிலும் கடைசியில் தண்ணீர் எங்கே போகும் என்கிற கேள்விதான் வந்து நிற்கும். அது என் தலையெழுத்து.

2018-இல் நான் ஒரு பழைய கேம்பர்வேன் வாங்கினேன். அது என்ன என்று தெரியாதவர்களுக்காக: நம்ம ஊர் ஆம்னி வேனுக்குப் பெரியண்ணன் ஒருவன் இருந்தால் எப்படி இருப்பான், அப்படி. உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவ ஒரு தொட்டி, மடக்கினால் சீட், விரித்தால் கட்டில். மேற்கூரையைத் தூக்கி நிறுத்தினால் மாடியில் இன்னொரு படுக்கை. அதைப் பார்த்ததும் என் மனைவி சொன்னது: "ஏங்க, வீடு வாங்குங்கன்னா வேன் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க!" இப்போது அவளே வெள்ளிக்கிழமை மத்தியானம் புளிசாதம் கட்டிவிட்டுத் தயாராக நிற்கிறாள் என்பது வேறு விஷயம்.

வேன் வாங்குவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். இங்கே போல, போகிற வழியில் ஒரு ஆலமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்க முடியாது. இங்கிலாந்தில் ஒரு துண்டு நிலமும் யாரோ ஒருவருடையது. அவரிடம் கேட்காமல் தங்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் யாரும் திறந்த வெளியில் கூடாரம் அடிக்கலாம் என்று உரிமை கொடுத்தது. ஆனால் அது கால்நடையாகவோ சைக்கிளிலோ போகிறவனுக்கு. மோட்டார் வண்டிக்கு இல்லை. ஆக, முகாம் தளங்கள்தான் கதி.

தளங்களில் இரண்டு ஜாதி. ஒன்று, நூறு வண்டி நிற்கிற பெரிய தளம். நீச்சல் குளம், கடை, குழந்தைகளுக்கு ராட்டினம் எல்லாம் இருக்கும். அங்கே போவதற்கு நாங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இரண்டாவது ஜாதிதான் நமக்கு. ஒரு விவசாயி தன் வயலின் ஒரு மூலையில் ஐந்தே ஐந்து வண்டிகளுக்கு இடம் விடுவார். 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அங்கீகாரம் பெற்ற சங்கங்கள், தங்கள் உறுப்பினர்களுக்காக, ஐந்து வண்டிகளுக்கு மேல் போகாத தளங்களுக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொள்ளலாம். அந்தச் சங்கங்களும் லேசுப்பட்டவை அல்ல. ஒன்று 1901-இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போனவர்கள் தொடங்கியது. இன்னொன்று 1907-இல் தொடங்கியது. உறுப்பினராகிவிட்டால் நாடு முழுக்க இப்படிப்பட்ட பண்ணைகளின் பட்டியல் கையில் கிடைக்கும். ஆடு கத்தும், மாட்டுச் சாணி மணக்கும், ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், கழிவைக் கொட்ட ஒரு இடம் இருக்கும். சில இடங்களில் கரண்ட்டும் இருக்கும். செலவும் குறைவு.

அந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஃபோட்டோவைப் பார்ப்பது! எல்லா ஃபோட்டோவும் ஜூன் மாதத்தில் எடுத்தது. பச்சைப் புல், நீல வானம், ஓரமாக ஒரு ஆறு, அதில் இரண்டு வாத்து. கல்யாணத் தரகர் கொண்டுவருகிற ஃபோட்டோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இடம் ஜனவரியில் எப்படி இருக்கும், அக்டோபரில் எப்படி இருக்கும் என்று ஃபோட்டோ சொல்லாது.

2022 அக்டோபர் கடைசி வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா, அம்மா தென்காசியிலிருந்து மூன்று மாதம் வந்து தங்கியிருந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளியில் ஒரு வார லீவு. வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஆற்றங்கரைப் பண்ணையில் இடம் பிடித்தேன். "அந்தக் கூட்டுக்குள்ள என்னால படுக்க முடியாதுடா" என்று அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். மற்ற நான்கு பேரும் கிளம்பினோம்.

பண்ணைக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "மேல் வயலா, ஆற்று வயலா, எது வேண்டும்?" என்று கேட்டார். மேல் வயலில் ஜல்லி கொட்டிய தரை. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. பார்க்க ஒன்றும் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. ஆற்று வயல்! நானேதான் கேட்டு வாங்கினேன், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இருட்டுவதற்குள் அப்பா, வழக்கம்போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார். கம்பி வேலி அருகே நின்றுகொண்டு கூப்பிட்டார். வேலியில் காய்ந்த வைக்கோல், சருகு, ஒரு கிழிந்த உரச் சாக்கு.

"ஏல தம்பி, இதை யாரு கொண்டாந்து இங்க தொங்கவிட்டா?"

"காத்துல வந்திருக்கும்ப்பா."

"காத்து ஒரே மட்டமா கொண்டாந்து வைக்குமால?"

பார்த்தேன். முழங்கால் உயரத்தில், வேலி நெடுக, கயிறு பிடித்துக் கட்டினாற்போல ஒரே மட்டத்தில் அந்தச் சருகு இருந்தது. நம் துறையில் இரண்டாம் வருஷப் பையன்கூடச் சொல்லிவிடுவான், அது வெள்ளம் போட்ட கோடு என்று. வெள்ளத் தண்ணீர்க் கணக்கில் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தெரியவில்லையா? தெரிந்தது. ஆனால் வண்டியை நிறுத்தி, மட்டம் பார்த்து, கரண்ட் ஒயரை மாட்டி, மேற்கூரையைத் தூக்கி, டீ போட்டாகிவிட்டது. "அது எப்பவோ வந்ததுப்பா. இன்னிக்கு வானம் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இல்ல" என்றேன்.

அவர் மேற்கே கையைக் காட்டினார். மலை உச்சி தெரியவில்லை. கறுப்பாக மூடியிருந்தது. "குத்தாலத்துல கீழ வெயில் அடிக்கும், மேல மழை பெய்யும். தண்ணி வந்த பிறகுதாம்ல தெரியும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தூங்கிவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு என் தோளைத் தொட்டு எழுப்பினார். "சத்தம் மாறிட்டுல" என்றார். அவர் தூங்கவே இல்லை. காது கொடுத்துக் கேட்டேன். சாயங்காலம் சலசலவென்று ஓடிய ஆறு, இப்போது அடித்தொண்டையில் உறுமியது. இடையிடையே கடக், கடக் என்று கல் உருளுகிற சத்தம். கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். சாயங்காலம் ஆற்றுக்கும் எங்களுக்கும் நாற்பதடி இருந்தது. இப்போது பத்தடிகூட இல்லை. எங்கள் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்தது. ஒரு சொட்டு மழை இல்லை!

மனைவி மாடியிலிருந்து குழந்தையைப் போர்வையோடு இறக்கினாள். மூன்று பேரையும் டார்ச்சோடு மேல் வயலுக்கு நடக்கச் சொன்னேன். ஒயரைப் பிடுங்கினேன், கூரையை இறக்கினேன், வண்டியை எடுத்தேன். நகரவில்லை. முன் சக்கரங்கள் புல்லைக் கிழித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றின. நாள் முழுக்க மண்ணின் தாங்குதிறனைப் பற்றிப் பேசுகிறவன் நான். என் வண்டிக்குக் கீழே இருந்த மண் தாங்குமா என்று பார்க்கவில்லை. காலடி ரப்பர் பாய் இரண்டையும் உருவி சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா வந்து வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். அறுபத்தெட்டு வயது, காலில் தண்ணீர், உடம்பில் என்னுடைய கோட்டு. "எடு" என்றார். ஒரு தள்ளு. பாய்மேல் ஏறிப் பிடித்துக்கொண்டது. மேல் வயல்வரை நான் நிறுத்தவேயில்லை, நிறுத்தினால் மறுபடி புதைந்துவிடும் என்று பயம். அவர் பின்னாலேயே இருட்டில் நடந்து வந்தார். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

விடிந்து பார்த்தோம். எங்கள் மேஜை, நாலு நாற்காலி, இருபத்தைந்து மீட்டர் ஒயர் எதுவும் இல்லை. கரண்ட் கம்பம் முழங்கால் தண்ணீரில் நின்றது. மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. வேலியில் பழைய சருகுக்கு அரை அடி மேலே புதுச் சருகு. பண்ணைக்கார அம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்து, "நீங்கள்தானே ஆற்றுப் பக்கம் வேண்டும் என்றீர்கள்? ஆறே உங்கள் பக்கம் வந்துவிட்டது" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் வெள்ள அபாய வரைபடத்தைத் திறந்தேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அரசு அமைப்புகளே இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஊரின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போதும். வேலைக்காக நான் தினமும் திறக்கிற பக்கம் அது. லீவுக்குப் போகும்போது திறக்கவில்லை. எங்கள் வயல் கரும் நீலத்தில் இருந்தது.

அடுத்த வருஷம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. டெர்பியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்! அடுத்த பிப்ரவரியில் ஊருக்கு வந்தபோது அப்பாவோடு தாமிரபரணிக் கரையில் நடந்தேன். மரக்கிளைகளில் வைக்கோலும் சாக்கும் துணியும் எங்கள் தலைக்கு மேலே ஒரே மட்டத்தில் தொங்கின. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். பேசவில்லை.

இங்கே நம் சர்வே கேம்ப்பை நினைத்துக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, தியோடலைட்டைத் தோளில் சுமந்து, கான்டூர் போடுகிறேன் பேர்வழி என்று பக்கத்துத் தோப்பில் மாங்காய் அடித்தோமே, அந்தக் கேம்ப். அப்போது நம் பேராசிரியர், "இன்ஸ்ட்ருமென்ட்டைத் திறக்கிறதுக்கு முன்னால கண்ணைத் திறங்கடா, தண்ணி எந்தப் பக்கம் போகும்னு முதல்ல சொல்லுங்க" என்பார். (சார் முன் வரிசையில் இருக்கிறார். சிரிக்கிறார். மாங்காய் விஷயம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் போலிருக்கிறது!) இப்போது எந்தத் தளத்துக்குப் போவதானாலும் ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தை விரித்துவிடுகிறேன். இருபத்தைந்தாயிரத்தில் ஒன்று அளவு. வயல் வேலிகூடத் தெரியும். கான்டூர் கோடுகள் மேட்டைப் பார்த்து ஆங்கில 'வி' மாதிரி வளைந்திருந்தால் அது பள்ளம். அதன் வாயில் வண்டியை நிறுத்தக் கூடாது.

தண்ணீருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று நினைத்தால் அது தப்பு. குளிரும் தண்ணீர் மாதிரிதான் ஓடும். இது எனக்கு அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், பீக் டிஸ்ட்ரிக்ட்டில் ஈடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த பாடம். தெளிந்த, காற்றில்லாத குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். குளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல. நாங்கள் நிறுத்தியிருந்தது குளத்தின் அடியில்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. விடியற்காலையில் பாலுக்கு அழுதாள். அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் கடுகளவு எரிந்து அணைந்துபோனது. சிலிண்டரில் கேஸ் பாதிக்கு மேல் இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் கனக்கிறது. ஆனால் வரவில்லை. காரணம், அது நீல நிறச் சிலிண்டர். அங்கே நீலம் என்றால் பியூட்டேன், சிவப்பு என்றால் புரொபேன். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில். அதற்குக் கீழே போனால் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரொபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நம் வீட்டு எல்.பி.ஜி. சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கும். திருநெல்வேலி வெயிலில் நமக்கு இந்தக் கவலையே கிடையாது. மெக்கானிக்கல்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான்; விடியற்காலை நாலு மணிக்கு அழுகிற குழந்தையோடு படிக்கும்போதுதான் பதிந்தது.

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். வெளியே முந்தின இரவு கறி சுட்ட கரியடுப்பு. அடியில் இன்னும் கனல் இருந்தது. புது கரியைப் போட்டு ஊதி, வேனுக்குள் கொண்டுவந்து வைத்தால் கதகதப்பாக இருக்குமே என்று எடுத்தேன். மனைவி சொன்னாள்: "அதை உள்ள கொண்டு வந்தீங்கன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய இறங்கிருவேன்." அவள் கெமிஸ்ட்ரி படித்தவள். மூடிய வண்டிக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். வாசனை கிடையாது, புகை கிடையாது. தூக்கம் வருவதுபோல வரும், அப்படியே போய்விடுவோம். கனல் தணிந்துவிட்டது என்று நினைக்கிற கரிதான் அதிகம் ஏமாற்றும். தம்பிகளே, நாளைக்கு நீங்கள் யாராவது குளிர் நாட்டுக்குப் போய் வேனிலோ கூடாரத்திலோ படுத்தால், கரியடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று கையளவுதான் இருக்கும். அதை மாட்டாமல் படுக்காதீர்கள். அன்றைக்குப் பாலை ஃபிளாஸ்க் தண்ணீரில் கலந்து, என் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தோம்.

பொழுது விடிந்ததா என்றால், அதுவும் இல்லை! தெற்கே மலைமுகடு. ஈடேலில் நாங்கள் நின்றது அதன் அடிவாரத்தை ஒட்டி. சூரியன் மலைக்கு மேல் தலைகாட்டவே பதினொரு மணியானது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டிசம்பர் 21 உச்சிப் பொழுதில் திருநெல்வேலியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். டெர்பியில் அதே நாளில் பதின்மூன்றரை டிகிரி. நம் நடு மார்கழி மத்தியான வெயிலும் அவர்களுடைய நடுக்கோடை மத்தியான வெயிலும் ஏறத்தாழ ஒரே உயரத்திலிருந்துதான் அடிக்கின்றன! ஆக, குளிர்காலத்தில் தெற்கே ஒரு சின்ன மேடு இருந்தால்கூட நாள் முழுக்க நிழலில்தான் கிடக்க வேண்டும். கூரையில் வைத்திருக்கும் சோலார் தகடு டிசம்பரில் கொடுப்பது ஜூன் மாதத்தில் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு.

அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என் கணக்கு இது: தெற்கு திறந்திருக்கும் சரிவின் நடுப்பகுதி; பள்ளமும் வேண்டாம், உச்சியும் வேண்டாம், உச்சியில் காற்று பிய்த்துவிடும். ஜல்லித் தரை. கரண்ட். நடந்துபோகிற தூரத்தில் ஒரு கிராமம். பல தளங்கள் அக்டோபர் கடைசியோடு பூட்டிவிடும் என்பதால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். கடலோரம் போனால் பனி குறைவு. கடல் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும் என்பதால் கரையும் உறைவதில்லை. நம் மூணாறுக்கும் கொச்சிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் என்றதும் ஒன்று. "கரண்ட் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது, எத்தனை ஆம்பியர் என்று கேட்க வேண்டும். பெரிய தளங்களில் 16 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 3,680 வாட். ஹீட்டரும் ஃபிரிட்ஜும் ஓடும். சில பண்ணைகளில் 6 ஆம்பியர்தான். 1,380 வாட். இரண்டாயிரம் வாட் கெட்டிலை மாட்டினால் டப்பென்று விழும். மெயின் ஸ்விட்ச் விவசாயியின் கொட்டகைக்குள் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆங்கில விவசாயியின் கதவைத் தட்டி, "ஐயா, டீ போட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

மார்ச், ஏப்ரலில் வெயில் வந்துவிடும், நம்பக் கூடாது. தரை இன்னும் குளிர்கால ஈரத்தைக் குடித்துவிட்டு ஊறிப்போய்க் கிடக்கும். இங்கேதான் நம் ஜியாலஜி பாடம் உதவுகிறது. பீக் டிஸ்ட்ரிக்ட்டில் தெற்குப் பகுதி சுண்ணாம்புக்கல். தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். பல பள்ளத்தாக்குகளில் ஆறே கிடையாது. வடக்குப் பகுதி மணற்பாறைமேல் கரி மண். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். வெறும் பத்து மைல் இடைவெளி. வசந்த காலத்தில் நான் சுண்ணாம்புப் பக்கம்தான். வயலில் கோரை மாதிரி ஒரு புல் கொத்துக் கொத்தாக நின்றால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அந்தப் புல்லே சாட்சி. அது ஆடுகள் குட்டி போடுகிற பருவமும்கூட. விவசாயிக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது. ஆனால் குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை.

(சிவில் மாணவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: அந்தப் பக்கம் போனால் மாம் டோர் மலையடியில் ஏ625 என்ற பழைய சாலையைப் பாருங்கள். மலைச்சரிவு நகர்ந்துகொண்டே இருந்ததால், போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு 1979-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். தார் அடுக்கடுக்காக, நாலைந்து தலைமுறை ரிப்பேரும் கேக் வெட்டினாற்போலத் தெரியும். மண்ணியல் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காத பாடம். டிக்கெட் கிடையாது.)

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலை கடைசியிலிருந்து ஆறு வாரம் பள்ளி லீவு; ஊரே ரோட்டில் நிற்கும்; ஐந்து வண்டிப் பண்ணைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளுக்கு அப்போது ஆசைப்படாதீர்கள். மிட்ஜ் என்று ஒரு பூச்சி, எள்ளில் பாதி இருக்கும், ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கும். அதற்குக் காற்று ஆகாது. ஜனவரியில் காற்று படாத இடம் தேடுகிற நான், அங்கே போனால் காற்று அடிக்கிற மேட்டைத் தேடுவேன். ஒரே இடம்தான், மாதம் மாறினால் கேட்க வேண்டிய கேள்வி தலைகீழாகிவிடுகிறது.

அப்பா சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வேல்ஸுக்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், ஒரு வயலில் பெரிய ஓக் மரத்தைப் பார்த்ததும், "ஏல, நிழல் இருக்கு, அதுக்குக் கீழ போடு" என்று பிடிவாதம் பிடித்தார். நம் ஊர்க்காரருக்கு மரத்தைக் கண்டால் விட மனம் வருமா? ஒன்பது மணிக்கு மழை வந்தது, பத்து மணிக்கு நின்றது. வயல் முழுக்க மழை நின்ற பிறகும் எங்கள் கூரைமேல் மட்டும் விடிய விடியச் சொட்டியது. போதாக்குறைக்கு அது ஓக் காய் விழுகிற பருவம். தகரக் கூரையில் டொக்... டொக்... டொக். காலையில் மகள், "தாத்தா, மேல யாரு கல்லு எறிஞ்சா?" என்று கேட்டாள். "இந்த ஊருல நிழலுக்கு வேலையே இல்லம்மா" என்று ஒப்புக்கொண்டார். முழுக்க வேலை இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 2022-இல் ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. அன்றைக்கு அந்த ஓக் மரத்தடி கிடைத்திருந்தால் வாடகை எவ்வளவு கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

இப்போது நான் ஃபோட்டோ பார்ப்பதில்லை. ஃபோன் செய்கிறேன். "போன மாதம் உங்கள் வயலில் யார் வண்டியையாவது டிராக்டர் வைத்து இழுத்தீர்களா?" இதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்று சொல்கிற விவசாயியை நான் நம்புகிறேன். எந்த மூலையில் இழுத்தார் என்றும் அவரே சொல்லிவிடுவார். "இந்த மாதத்தில் நீங்களாக இருந்தால் எங்கே நிறுத்துவீர்கள்?" இது இரண்டாவது. இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு பெரும்பாலும் மூன்றாவது தேவைப்படுவதில்லை. அவர் பேச ஆரம்பித்துவிடுவார். தன் நிலத்தைப் பற்றிக் கேட்டால் பேசாத விவசாயி எந்த நாட்டிலும் இல்லை. வேல்ஸ் பண்ணைக்கும் மறுபடி போனோம், 2024 மே மாதம். மேல் வயலில், மாட்டுக் கொட்டகைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஆற்றுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் நாற்காலிகளில் ஒன்றை ஒன்றரை மைல் கீழே யாரோ கண்டெடுத்ததாகச் சொல்லி, அந்த அம்மாள் திருப்பிக் கொடுத்தார். கால் ஒன்று வளைந்திருக்கிறது. அதில்தான் அப்பா உட்காருகிறார்.

இங்கேயும் இது வந்துகொண்டிருக்கிறது. கேரளத்தில் 2021-இல் அரசே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. நம் பையன்களில் இரண்டு மூன்று பேர் டெம்போ டிராவலரை வாங்கிக் கட்டில் போட்டு ஓட்டலாமா என்று நேற்று ராத்திரி என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "அருவிப் பக்கம் ஏதாவது நல்ல இடமா..." என்று இழுத்தான் ஒருவன். அவனை இன்று காலை அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் ஓரமாக இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பேசியதை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தலில் இலை போட்டாகிவிட்டதாம்.